மீன் தொட்டிக்கு உறை ஊற்றுதல்

கண்ணாடித் தொட்டி, வண்ணக் கூழாங்கல், மோட்டார், ஆறு தங்கமீன்கள் ஆகிய அனைத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் ஒரே கடையில் வாங்கி வந்து, அன்றிரவே நீர் நிரப்பி மீன்களையும் விட்டுவிடும் வீடுகள் புதுச்சேரியில் ஏராளம். அவ்வீடுகளில் வியாழன் அல்லது வெள்ளிக்கிழமையன்று ஏறத்தாழ ஒரே காட்சியைக் காணலாம். நீர் பளிங்கு போலத் தெளிந்திருக்கும். மீன்கள் மட்டும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும். மறுநாள் காலையில் ஒன்று செத்து மிதக்கும். கடைக்காரர் தண்ணீரைக் குறை சொல்வார், பாட்டி கண்ணேறு என்பார், பிள்ளைகள் அழுவார்கள். மீன் வளர்ப்பில் பழகியவர் வந்து பார்த்தால் ஒரே சொற்றொடரில் முடித்துவிடுவார்: "தொட்டி இன்னும் செட் ஆகலை." அந்தச் சொற்றொடருக்கு என்ன பொருள் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அதைப் புரிந்துகொண்டவருக்கு மீன் வளர்ப்பின் மற்ற விதிகளில் பெரும்பாலானவை தாமாகவே விளங்கிவிடும்.

பால் தானாகத் தயிராவதில்லை. அடுத்த வீட்டிலிருந்து ஒரு கரண்டி உறைமோர் வாங்கி ஊற்றினால், அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகி, பாலை வேறொன்றாக மாற்றுகின்றன. அதற்கு ஓர் இரவு பிடிக்கிறது. மீன் தொட்டியிலும் இதைப் போன்ற ஒன்று நடந்தாக வேண்டும். வேறுபாடு என்னவென்றால், தொட்டி உறைவதற்கு ஓர் இரவு போதாது. பல வாரங்கள் வேண்டும்.

மீன் தான் தின்ற உணவிலுள்ள புரதத்தைச் செரித்தபின், மிஞ்சும் நைட்ரசனை அமோனியாவாகச் செவுள்கள் வழியே நீரில் விடுகிறது. எஞ்சிய தீனியும் கழிவும் அழுகும்போதும் அதே அமோனியாதான் வெளிப்படுகிறது. ஆற்றிலும் ஏரியிலும் இது பொருட்டல்ல, ஏனெனில் அங்கே ஒரு மீனுக்கு உரிய நீரின் அளவு மிகப் பெரிது. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் கொண்ட தொட்டியில் விளிம்பு வரை நிரப்பினாலும் 57 லிட்டருக்கு மேல் நீர் பிடிக்காது. கல்லும் மேல் இடைவெளியும் போக 50 லிட்டர் மிஞ்சினால் அதிகம். தீனிப் பொட்டலத்தில் புரதம் 40 விழுக்காடு என்று அச்சிட்டிருந்தால், அந்தத் தீனியில் ஒரு கிராமைத் தின்னும் மீன்கள் சுமார் 35 மில்லிகிராம் அமோனியா நைட்ரசனை வெளியிடும். ஆக, நாளொன்றுக்கு ஒரு கிராம் தீனி போடும் வீட்டில் 50 லிட்டர் நீரில் நாள்தோறும் லிட்டருக்கு 0.7 மில்லிகிராம் வீதம் அமோனியா ஏறிக்கொண்டே போகிறது. ஐந்தாம் நாள் அது மூன்றரை மில்லிகிராம் ஆகிறது. வியாழக்கிழமைக்கும் வெள்ளிக்கிழமைக்கும் விளக்கம் இந்தக் கணக்கில் இருக்கிறது. நீர் தெளிவாக இருப்பதற்கும் நீர் நல்லதாக இருப்பதற்கும் தொடர்பில்லை என்பதும் இதிலிருந்தே விளங்கும், ஏனெனில் அமோனியாவுக்கு நிறம் கிடையாது.

இந்த அமோனியா நீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அவற்றுள் மின்னூட்டமற்ற வடிவமே செவுளை அரித்துக் கொல்வது. மற்றது ஒப்பளவில் தீங்கு குறைந்தது. எந்த வடிவம் எவ்வளவு என்பதை நீரின் பிஎச் அளவும் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) வெப்பமும் முடிவு செய்கின்றன. முப்பது பாகை வெப்பத்தில் பிஎச் 7 எனில் கொல்லும் வடிவம் நூற்றில் ஒரு பங்கு கூட இராது. பிஎச் 8 எனில் ஏழெட்டுப் பங்கு இருக்கும். ஒரே அளவு தீனி, ஒரே அளவு மீன், ஆனால் நச்சு ஏறத்தாழ பத்து மடங்கு. "என் தம்பி வீட்டில் இதே மாதிரிதான் வைத்தார்கள், அங்கே ஒன்றும் ஆகவில்லையே" என்ற கேள்விக்குப் பல நேரங்களில் விடை இதுதான்.

இனி, உறைமோரின் வேலையைச் செய்யும் உயிர்களுக்கு வருவோம். அமோனியாவை உணவாகக் கொள்ளும் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. நைட்ரோசோமோனாசு என்ற பேரினம் இவற்றுள் நன்கு அறியப்பட்டது. நைட்ரைட்டும் நஞ்சே, அது மீனின் இரத்தத்தில் புகுந்து, உயிர்வளியைச் சுமக்கும் சிவப்பு நிறமியைப் பயனற்றதாக்கி, இரத்தத்தையே பழுப்பாக்கிவிடும். நைட்ரோசுபைரா போன்ற இரண்டாம் வகை பாக்டீரியா இந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. நைட்ரேட்டு வயலில் போடும் உரத்தின் உறவினர். ஓரளவு வரை மீனுக்குத் தீங்கில்லை, செடிக்கோ விருந்து. மண்ணிலும் நீரிலும் நடக்கும் இந்த இரு படி வேலையைத் தனித்தனி நுண்ணுயிர்கள் செய்கின்றன என்பதை 1890ஆம் ஆண்டு வாக்கில் செர்கேய் வினோகிராட்ஸ்கி என்ற அறிவியலாளர் காட்டினார். நைட்ரசன் சுழற்சி என்று பாடப்புத்தகத்தில் அம்புக்குறிகளோடு படித்த அதே சுழற்சியின் ஒரு பகுதி, வரவேற்பறையில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் நடக்கிறது.

இந்த பாக்டீரியாக்களின் இயல்புகளில் மூன்றை நினைவில் வைத்தால் போதும். அவை மெதுவாகப் பெருகுபவை. தயிர் பாக்டீரியா அரை மணி, ஒரு மணி நேரத்தில் இரட்டிப்பாகும் என்றால் இவற்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள் கூட ஆகலாம். அவை நீரில் மிதந்து வாழ்வதை விட, கல், மணல், கண்ணாடி, எல்லாவற்றுக்கும் மேலாக வடிகட்டியின் ஸ்பான்ஜ் ஆகியவற்றின் மேல் படலமாக ஒட்டி வாழ்பவை. அவற்றுக்கு உயிர்வளி நிறைய வேண்டும். இந்த மூன்றாவது இயல்புதான் நம் ஊரில் அதிகம் சோதிக்கப்படுவது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எனவே புதுத் தொட்டியை நிறுவும் முறை, பால் வாங்கிய நாளிலேயே தயிர் கேட்காத முறையாக இருக்க வேண்டும். தொட்டியைச் சமதளமான, உறுதியான மேசையில், வெயில் நேராக விழாத இடத்தில், அடியில் தெர்மாகோல் அட்டை விரித்து வையுங்கள். நீரும் கல்லும் கண்ணாடியும் சேர்ந்து இரண்டடித் தொட்டியே 70 கிலோவை எட்டிவிடும் என்பதால், பிற்பாடு நகர்த்தலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அடியில் போடும் மணலையும் கல்லையும் கடையில் வாங்குவதே நல்லது. தேவனாம்பட்டினம் கடற்கரையிலோ வீராம்பட்டினத்திலோ ஒரு பை மணல் அள்ளி வந்தால் செலவில்லை என்று தோன்றும். அந்த மணலிலுள்ள உப்பைப் பலமுறை கழுவி நீக்கினாலும், கிளிஞ்சல் துகள்கள் மெல்ல மெல்லக் கரைந்து நீரின் கடினத்தன்மையையும் பிஎச் அளவையும் உயர்த்திக்கொண்டே இருக்கும். பிஎச் உயர்ந்தால் அமோனியாவின் நச்சு என்னவாகும் என்பதை மேலே பார்த்தோம்.

நீரைப் பொறுத்தவரை, நம் பகுதி வீடுகளில் இரண்டு வகைதான். குழாயில் வரும் நீரில் கிருமி நீக்கத்துக்காகக் குளோரின் சேர்த்திருப்பார்கள். அது மீனின் செவுளையும் சுடும், நாம் வளர்க்க விரும்பும் பாக்டீரியாவையும் கொல்லும். வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தாலோ, ஏர் பம்ப் போட்டுச் சில மணி நேரம் குமிழ விட்டாலோ குளோரின் வெளியேறிவிடும். அவசரமெனில் கடைகளில் ஆன்டி குளோரின் என்ற பெயரில் கிடைக்கும் சோடியம் தயோசல்பேட்டுக் கரைசலைச் சில சொட்டுகள் விடலாம். ஆழ்துளைக் கிணற்று நீரில் குளோரின் இராது, ஆனால் அதில் உயிர்வளி குறைவாகவும் கரியமில வாயு அதிகமாகவும் இருக்கக்கூடும். அதனால் அதையும் ஒரு நாள் குமிழ விட்ட பிறகே பயன்படுத்த வேண்டும். பிஎச் அளவையும் அதற்குப் பிறகே பார்க்க வேண்டும், ஏனெனில் கரியமில வாயு வெளியேறியதும் அளவு உயரும். கடலை ஒட்டிய தெருக்களில் கிணற்று நீரில் உப்பேறியிருப்பது புதிய செய்தியல்ல. நாக்கில் வைத்தாலே உப்புக் கரிக்கும் நீரில் டெட்ராவோ ஏஞ்சலோ வளர்க்க முயல்வதை விட, ஓரளவு உப்பையும் கடினமான நீரையும் தாங்கும் மோலியை வளர்ப்பது மீனுக்கும் உங்களுக்கும் நிம்மதி. சுத்திகரிப்பு இயந்திரத்தின் நீரை மட்டுமே ஊற்றுவோரும் இருக்கிறார்கள். அதில் கனிமங்கள் மிகக் குறைந்திருப்பதால் பாக்டீரியாவின் வேலையில் உண்டாகும் அமிலத்தைத் தாங்கும் வலு அந்த நீருக்கு இல்லை, பிஎச் திடீரெனச் சரிந்துவிடும். சாதாரண நீரோடு கலந்தே அதைப் பயன்படுத்தலாம்.

நீர் நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, மீன் இல்லாத தொட்டிக்கு நாள்தோறும் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள். வீட்டிலுள்ளோர் சிரிப்பார்கள். அந்தத் தீனி அழுகி அமோனியாவாகும். அமோனியா இருந்தால்தான் அதைத் தின்னும் உயிர் பெருகும். முதல் வாரத்தில் நீர் பால் கலந்தது போலக் கலங்கும். அழுகலைத் தின்னும் வேறு பாக்டீரியாக்களின் திடீர்ப் பெருக்கம் அது, தானாகவே அடங்கும், அதைக் கண்டு நீரை முழுவதும் கொட்டிவிடக் கூடாது. சொட்டு விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்று வாங்கிக்கொள்வது, எனது கருத்தில், விளக்கையும் பிளாஸ்டிக் அரண்மனையையும் வாங்குவதை விடப் பயனுள்ள செலவு. அதில் முதலில் அமோனியா ஏறும், மஞ்சளாக இருந்த சோதனை நீர் பச்சையாகும். பிறகு அது இறங்க இறங்க நைட்ரைட்டு ஏறும். கடைசியில் நைட்ரைட்டும் இறங்கி நைட்ரேட்டு தென்படும். தீனி போட்ட மறுநாளும் அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியாகவே இருந்தால் தொட்டி செட் ஆகிவிட்டது என்று கொள்ளலாம். நம் ஊர் வெப்பத்தில் இதற்குப் பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரங்கள் ஆகும்.

இந்தக் காத்திருப்பைக் குறைக்க ஒரே நேர்மையான குறுக்குவழி உறைமோர்தான். நோயில்லாத, ஓராண்டேனும் ஓடிய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அவருடைய வடிகட்டியிலிருந்து பாதி ஸ்பான்ஜை வெட்டி வாங்கி, தொட்டி நீரிலேயே ஈரமாக வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து, உங்கள் வடிகட்டியில் பொருத்திவிட்டால், ஓரிரு வாரங்களிலேயே தொட்டி பழகிவிடும். அழுக்காக, பழுப்பாக, பார்க்கவே கூசும்படி இருக்கும் அந்தத் துண்டுதான் தொட்டியிலேயே விலைமதிப்புள்ள பொருள்.

இதை நான் கற்றுக்கொண்டது ஓர் ஆயுத பூசைக்கு. வீட்டில் எல்லாப் பொருளும் கழுவித் துடைக்கப்படும் நாளில் மீன் தொட்டி மட்டும் எதற்கு அழுக்கோடு இருக்க வேண்டும் என்று மீன்களை வாளிக்கு மாற்றி, கல்லைத் தேய்த்துக் கழுவி, ஸ்பான்ஜைக் குழாயடியில் நீர் தெளியும் வரை பிழிந்து, கண்ணாடிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அவ்வளவு அழகாக அந்தத் தொட்டி அதற்கு முன்னும் பின்னும் இருந்ததில்லை. ஒரு வாரத்துக்குள் ஒன்பது கப்பிகளில் ஏழு போயின. ஓராண்டாக உறைந்திருந்த தயிரை நானே கொட்டிவிட்டு, அதே பாத்திரத்தில் பாலை ஊற்றிவைத்திருந்தேன் என்பது அப்போது தெரியவில்லை.

தொட்டியைக் கழுவுவது என்பதே தவறான சொல்லாட்சி. வாரம் ஒருமுறை நீரில் நான்கில் ஒரு பங்கைக் குழாய் வைத்து அடியிலிருந்து உறிஞ்சி வெளியேற்றி, கல்லிடுக்கில் தங்கிய கழிவையும் அத்துடன் எடுத்துவிட்டு, மேலே சொன்னபடி ஒரு நாள் வைத்துப் பழக்கிய நீரை மெல்ல ஊற்ற வேண்டும். நைட்ரேட்டு வெளியேற இதுவே வழி. சோதனையில் அது லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் போதும். மணி பிளான்ட் கொடியின் வேர் மட்டும் நீரில் தொங்கும்படி வைத்தால் அதுவும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். ஸ்பான்ஜ் அடைத்துக்கொண்டு நீர் ஓட்டம் குறையும்போது, வெளியேற்றிய அதே தொட்டி நீரில் இரண்டு மூன்று முறை அமுக்கிப் பிழிந்தால் போதுமானது; சோப்போ குழாய் நீரோ படக் கூடாது. கோடையில் நீர் வற்றும்போது மேலே ஊற்றி நிரப்புவதை நீர் மாற்றியதாகக் கணக்கிடுவோர் பலர். ஆவியாவது நீர் மட்டும்தான். உப்பும் நைட்ரேட்டும் தொட்டியிலேயே தங்கிச் செறிவாகின்றன என்பதால் நிரப்புவது வேறு, மாற்றுவது வேறு.

எத்தனை மீன், எவ்வளவு தீனி என்ற கேள்விகளும் இந்தக் கணக்கின் நீட்சிதான். பாக்டீரியாவின் எண்ணிக்கை கிடைக்கும் அமோனியாவுக்கு ஏற்ப அமையும். திடீரென இரண்டு மடங்கு மீன் விட்டால் அதுவும் திடீரென இரண்டு மடங்காகிவிடாது. ஆகவே இரண்டடித் தொட்டியில் முதலில் நான்கைந்து கப்பி அல்லது பிளாட்டி, இரண்டு வாரம் கழித்து இன்னும் சில என்று கூட்டுவதே முறை. தங்கமீன் தொடக்கக்காரருக்கான மீன் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அது ஒரு சாண் நீளத்துக்கு வளரக்கூடியது, நிறையத் தின்பது, நிறையக் கழிப்பது. வாஸ்து என்று எட்டுச் சிவப்பும் ஒரு கறுப்புமாக ஒன்பது தங்கமீன்களை ஒன்றரை அடித் தொட்டியில் அடைப்பவர்களிடம் நான் வாதிடுவதில்லை, சோதனைப் பெட்டியை மட்டும் கொடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். கண்ணாடி மேலேறித் திரியும் சக்கர் மீன் தொட்டியைத் துப்புரவாக்கும் என்று விற்கிறார்கள். பாசியைத் தின்னும், ஆனால் தின்றதைக் கழிவாக அங்கேயேதான் விடும், ஓரடிக்கு மேலும் வளரும். பெரிதானபின் அதை ஊசுடு ஏரியிலோ ஊர்க் குளத்திலோ விடுவது நாட்டு மீன்களுக்குச் செய்யும் கேடு. தீனியோ, இரண்டு நிமிடத்தில் தின்று தீரும் அளவு, நாளுக்கு ஒருமுறை அல்லது இருமுறை. வீட்டுக்கு வரும் குழந்தைகள் இட்லித் துண்டும் சோற்றுப் பருக்கையும் போடுவதை அன்போடு தடுத்துவிடுங்கள். ஊருக்குப் போகிறீர்கள் எனில், நல்ல உடல்நிலையிலுள்ள வளர்ந்த மீன் ஒரு வாரம் தீனியின்றி இருக்கும். பக்கத்து வீட்டார் பரிவோடு போடும் மூன்று பிடித் தீனியை அது தாங்காது.

கடையிலிருந்து கொண்டுவந்த பையை அரை மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பம் சமமானதும் மீனை மட்டும் சிறு வலையால் எடுத்து விடுங்கள். பை நீர் தொட்டிக்குள் போக வேண்டாம். சென்னைக் கொளத்தூரிலிருந்து பல மணி நேரம் பையிலேயே பயணம் செய்து வந்த மீனாயின் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: மூடிய பையில் மீன் விடும் கரியமில வாயு பிஎச் அளவைத் தாழ்த்தி வைத்திருப்பதால் அதற்குள் சேர்ந்த அமோனியா அடங்கியிருக்கும், பையைத் திறந்ததும் வாயு வெளியேற, அதே அமோனியா சீறத் தொடங்கும். திறந்த பிறகு தாமதிக்கக் கூடாது. மீனுக்கு நோய் கண்டால் மருந்தைத் தனி வாளியில் வைத்துக் கொடுப்பதே நலம், ஏனெனில் எல்லாக் கடையிலும் கிடைக்கும் மெத்திலீன் புளூ நம் பாக்டீரியாவையும் அடக்கிவிடும். ஏதோ ஒரு காரணத்தால் நைட்ரைட்டு ஏறிவிட்டால், பாதி நீரை மாற்றிவிட்டு, லிட்டருக்கு அரை கிராம் வீதம், அயோடின் சேர்க்காத கல்லுப்பைக் கரைத்து ஊற்றலாம். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட்டு செவுள் வழியே உட்புகும் பாதையில் முந்திக்கொண்டு இடம் பிடித்துவிடும். மரக்காணத்து உப்பு இதற்கு நன்றாகவே உதவுகிறது.

இனி உயிர்வளி. இருபது பாகை வெப்பமுள்ள நன்னீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் உயிர்வளி கரையும்; முப்பது பாகையில் ஏழரைதான். நம் வீட்டுத் தொட்டிகள் ஆண்டில் பாதிக்கு மேல் இந்த இரண்டாம் நிலையில் இருக்கின்றன. அதே வெப்பத்தில் மீனும் பாக்டீரியாவும் கூடுதலாக மூச்சுவிடுகின்றன. அதனால் இங்கே ஹீட்டர் தேவைப்படுவது அரிது; நீரின் மேல்மட்டம் எப்போதும் அசைந்துகொண்டிருக்க வேண்டும் என்பதுதான் கட்டாயம். குமிழ்கள் தாமாகத் தரும் காற்று கொஞ்சமே. அவை மேலேறி மேற்பரப்பைக் கலைப்பதாலேயே பயன் கிடைக்கிறது. அக்கினி நட்சத்திர நாள்களில் மூடியைத் திறந்து சிறு மின்விசிறியை நீரின் மேல் திருப்பினால் இரண்டு மூன்று பாகை இறங்கும். ஃபைட்டரும் கௌராமியும் மேலே வந்து காற்றை நேராகவே உட்கொள்ளக்கூடியவை என்பதால் இதில் ஓரளவு தப்பிக்கும், ஆனால் ஸ்பான்ஜிலுள்ள பாக்டீரியாவுக்கு அந்த வசதி இல்லை.

புயல் நாள்களில் இது தெளிவாகத் தெரிந்தது. 2011 திசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தானே புயல் கரையைக் கடந்தபின் எங்கள் பகுதியில் பல நாள் மின்சாரம் இல்லை. மீன்களைக் காப்பாற்ற மணிக்கொரு தடவை குவளையால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம்; அவை பிழைத்தன. மின்சாரம் வந்த மகிழ்ச்சியில் வடிகட்டியின் பொத்தானை அப்படியே அழுத்தினேன். மூடிய பெட்டிக்குள் உயிர்வளியின்றி நாள்கணக்கில் அழுகிக் கிடந்த ஸ்பான்ஜிலிருந்து கறுப்பு நீரும் அழுகிய முட்டை நாற்றமும் தொட்டிக்குள் பாய்ந்தன. புயலில் பிழைத்த மீன்கள் அன்றிரவு இறந்தன. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து தெருவெல்லாம் வெள்ளமாக நின்றபோது, மின்சாரம் போன அரை மணி நேரத்திலேயே ஸ்பான்ஜை வடிகட்டியிலிருந்து வெளியே எடுத்து, தொட்டிக்குள் நூலில் கட்டித் தொங்கவிட்டு, அதன் கீழே பேட்டரியில் ஓடும் சிறு ஏர் பம்ப்பின் குமிழ்விடும் கல்லை வைத்தேன். தீனியை அறவே நிறுத்தினேன். மின்சாரம் வந்ததும் வடிகட்டிப் பெட்டியில் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டு ஸ்பான்ஜைத் திரும்பப் பொருத்தி, மூன்றாம் நாள் சோதனைக் குழலில் சொட்டு விட்டுப் பார்த்தபோது, அமோனியாவுக்கான நீர் பச்சைக்கு மாறாமல் மஞ்சளாகவே இருந்தது.